மாம்பழம் சாப்பிட்டாச்சா?

பெலார்மீனோ சாகப் படுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. ஒன்பது மணி வரைக்கும் மனிதருக்கு ஒரு குறையும் கிடையாது. விடியும்போதே எழுந்து நாலு மாட்டையும் கறந்தார். கன்றுகளை அவிழ்த்துவிட்டார். சோளக் கொல்லையோரம் ஓடைத் தண்ணீர் சாய்த்துவிட்டுப் போன வேலியை முழங்கால் சேற்றில் நின்று நிமிர்த்திக் கட்டினார். அறுபது வயதுக்கு அது கூடுதல் வேலைதான். ஆனால் அந்த வருஷம் செரோட்டி பிராங்கோவில் சேற்றைக் குறை சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை.

ஐந்து வருஷம் வானம் ஏமாற்றிய ஊர் அது. பரைபா மாநிலத்தின் உள்நாட்டுக் காட்டில் முள்ளும் கள்ளியும்கூடக் காய்ந்து வெளுத்துப்போன ஐந்து வருஷம். எண்பத்து நான்கில் கொஞ்சம் இரக்கம் காட்டியது. எண்பத்தைந்தில் சனவரி பிறந்ததும் பிறக்காததுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டது. ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தது. தவளைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கழுதை வண்டியில் தண்ணீர் விற்றுப் பிழைத்த நெசீன்யோவுக்கு மட்டும் அந்த மழையில் பிழைப்பு போயிற்று. அவரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று நனைந்தவர்தான்.

மாடுகளுக்கு மடி இறங்கியது. ஏரிக்கரை மாமரங்களில் இன்னும் பழம் தீரவில்லை. பாலும் மாம்பழமும் ஒரே நேரத்தில் இப்படிப் பெருகிக் கிடப்பது எப்போதோ ஒரு வருஷம்தான். பெருகினால் ஊர் ஜாக்கிரதையாகிவிடும். யார் வீட்டுக்குப் போனாலும், காப்பிக்குப் பால் ஊற்றுமுன் வீட்டுக்காரி சட்டியைக் கையில் பிடித்தபடியே ஒரு கேள்வி கேட்பாள்: "மாம்பழம் சாப்பிட்டாச்சா?" சாப்பிட்டாச்சு என்றால் கறுப்புக் காப்பிதான். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. மாம்பழமும் பாலும் வயிற்றில் சேர்ந்தால் கல்லாக இறுகி ஆளைக் கொன்றுவிடும் என்பது நெருப்பு சுடும் என்பதுபோல அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நெருப்பு சுடும் என்று வீட்டுக்கு வந்த மருமகளை உட்காரவைத்து யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? அப்படித்தான் சுவேலிக்கும் யாரும் சொல்லவில்லை.

சுவேலி அந்த வீட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சாவோ பாவ்லோ பெருநகரத்தில் பிறந்து வளர்ந்தவள். பெலார்மீனோவின் மகன் அடாவ்டோ அங்கே கடைசல் பட்டறையில் வேலை பார்த்தபோது கட்டிக்கொண்டவள். பட்டறையை மூடிவிட்டார்கள். ஊரில் மழை என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் மூன்று நாள் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஒரு மிக்ஸி. போன வருஷம்தான் ஊருக்குக் கரண்டு வந்திருந்தது, அறைக்கு ஒரு பல்பு என்று. மிக்ஸி ஓடும்போது பல்பு மங்கும். அந்த வேடிக்கையைப் பார்க்கவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து போவார்கள்.

மாமியார் ஒத்தீலியாவுக்கு மருமகளைப் பிடித்திருந்தது. வாயாடி, ஆனால் வேலைக்கு வளைவாள். காலையில் கறந்த பாலில் உறை ஊற்றி, கட்டியானதும் கையால் உடைத்து, தெளிந்த நீரை வடித்து, மரச்சட்டத்தில் துணி விரித்து அமுக்கிப் பாலாடைக்கட்டி செய்வதுதான் அந்த வீட்டுப் பெண்களின் தொழில். முதல் நாள் சுவேலி அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினாள். நாலாம் நாள் பாடிக்கொண்டே அமுக்கினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒத்தீலியா பின்கொட்டகையில் கையை முழங்கை வரை உறைந்த பாலில் விட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. வேலியிலிருந்து வேர்த்துக் களைத்து வந்த பெலார்மீனோவின் குரல் கேட்டது.

"என்னம்மா இது, மஞ்ச மஞ்சேனு?"

"குடிச்சுப் பாருங்க மாமா. வேலை செஞ்சு வந்திருக்கீங்க."

ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. பிறகு குவளையைக் கவிழ்த்துவிட்ட பெருமூச்சு.

"அடேயப்பா. இன்னொன்னு ஊத்து."

ஒத்தீலியா சிரித்துக்கொண்டாள். இரண்டாம் குவளையும் காலியானது.

"என்னத்தப் போட்ட இதுல? நெஞ்சே குளுந்து போச்சு."

"ஒண்ணுமில்ல மாமா. மாம்பழம், கொஞ்சம் வெல்லம், பால்."

குவளை விழுந்து தரையில் உருண்டது. 

ஒத்தீலியா கையைத் துடைக்காமல் ஓடினாள். பெலார்மீனோ சுவரைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை. "என்னைப் படுக்க வைங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் பெரியவர்களும் படுக்கிற தூளியில் ஏறிப் படுத்து, தொப்பியை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

சுவேலிக்கு ஒன்றும் புரியவில்லை. "பழம் கெட்டுப்போயிருந்துச்சா அத்தை? நல்லாத்தானே இருந்துச்சு?"

 அவர் சாகமாட்டார் என்று ஒத்தீலியாவுக்குத் தெரியும். செரோட்டி பிராங்கோவிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று இருபத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். எப்படித் தெரியும் என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். அதைச் சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் என்றிருந்தது அவளுக்கு.

அடாவ்டோ கொல்லையிலிருந்து ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்தது. மாம்பழமும் பாலும் சேர்ந்தால் சாவுதான் என்று அவன் சொல்லித்தான் சுவேலிக்குத் தெரிந்தது.

"நீ சொல்லு அடாவ்டோ" என்றாள் சுவேலி. "அங்க ஞாயித்துக்கிழமை தவறாம நாம ரெண்டு பேரும் குடிப்போமே. பஸ் ஸ்டாண்டுல நின்னு குடிப்போமே. சொல்லு உங்கப்பாகிட்ட."

"குடிச்சோம்தான்." அடாவ்டோ தந்தையைப் பார்த்தான், மனைவியைப் பார்க்கவில்லை. "ஆனா அது அந்த ஊர் பாலு. பாக்கெட் பாலு. இது மடியிலேர்ந்து வந்த பாலு, சுவேலி."

"பாக்கெட்டுக்குப் பால் எங்கேயிருந்து வருது?"

அவன் கித்தேரியாவைக் கூட்டிவரப் போனான்.

கித்தேரியா அந்தப் பக்கத்துக்கு மந்திரிக்கிறவள். கண்ணேறு, விலா வலி, பிள்ளை அழுகை எல்லாவற்றுக்கும் இலைக்கொத்தால் தடவி வேண்டுவாள். அடாவ்டோவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளும் அவள்தான். அதனால் அவளும் ஒத்தீலியாவும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கொமாத்ரே என்றால் கூடப்பிறந்தவளுக்கு ஒரு படி மேலே; ஆணாக இருந்தால் கொம்பாத்ரே. அவள் இலைக்கொத்தோடு வரும்போதே பின்னால் பாதித் தெரு வந்தது. நெசீன்யோ முன்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், இப்போதே துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"எம்புட்டுக் குடிச்சாரு?" என்றாள் கித்தேரியா.

"ரெண்டு குவளை" என்றாள் ஒத்தீலியா.

"ரெண்டு குவளையா?" கித்தேரியா சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க பெரியப்பா ஒரு மாம்பழத்தத் தின்னுட்டு ஒரு மடக்குப் பாலு குடிச்சவரு. ஒரே மடக்கு. சாயங்காலத்துக்குள்ள போயிட்டாரு."

"அவரு மாட்டு முதுகுலேர்ந்து விழுந்தாருன்னுல்ல சொல்வீக" என்றார் நெசீன்யோ.

"விழுந்தாரு. ஏன் விழுந்தாரு? வயித்துல கல்லு. அதான் விழுந்தாரு."

இலைக்கொத்தை நெற்றியிலிருந்து பாதம் வரை மூன்று முறை இறக்கினாள். மூன்றாவது முறை இலை வாடித் தொங்கியது. வெயிலில் கொண்டுவந்த இலை வாடத்தான் செய்யும். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். அந்தச் சத்தம் பெலார்மீனோவின் காதில் விழுந்தது.

"ஏ ஒத்தீலியா."

"இங்கதான் இருக்கேன்."

"கறுப்புப் பசு அடாவ்டோவுக்கு. சினைமாடு ஒனக்கு. அத வித்துராத. என்னைக் கறுப்புச் சட்டையோட பொதைச்சிறாதீங்க, அது கழுத்துல இறுக்கும்."

"கழுத்து இறுக்குனா இனி என்ன கொம்பாத்ரே" என்று ஆறுதலாகச் சொன்னார் நெசீன்யோ. யாரும் சிரிக்கவில்லை.

ஒத்தீலியா கணவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி ஓடுகிற ஓட்டம் நல்லதாக இல்லை. உள்ளங்கை பனிபோல் சில்லிட்டிருந்தது. உதடு நீலம் பாரித்து வந்தது. இந்த மனிதர் நம்பியே செத்துவிடுவார் என்ற பயம் அப்போதுதான் அவளைப் பிடித்தது. பாலும் பழமும் கொல்லாது, சரி. பயம் கொல்லாதா?

சுவேலி மிக்ஸியோடு வந்தாள். அதன் அடியில் மிச்சம் இருந்ததை எல்லோர் முன்னாலும் தூக்கிக் கடகடவென்று குடித்தாள். மேலுதட்டில் மஞ்சள் மீசை. "இப்பப் பாருங்க. எனக்கு என்ன ஆகுதுன்னு எல்லாரும் நின்னு பாருங்க."

கூட்டம் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை.

"ஒனக்கு ஆகாதும்மா" என்றாள் கித்தேரியா. "நீ பொறந்த ஊரு வேற, வளந்த தண்ணி வேற. ஒங்க வயிறு கல்லையும் கரைக்கும்."

"அதெப்படி? என் வயிறும் வயிறுதானே?"

"பதிலுக்குப் பதிலு பேசாத. தூளியில கெடக்கறவரு யாரு ஒனக்கு? மாமனாரு. தெரியாமச் செஞ்சியோ தெரிஞ்சு செஞ்சியோ, அது ஒனக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்."

வாசலில் யாரோ "வந்து மூணே வாரம்" என்றார்கள். இன்னொரு குரல், "நாலு மாடு, ஏரிக்கரை நெலம். சும்மாவா?" என்றது.

சுவேலிக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் அவள் அடாவ்டோவைப் பார்த்தாள். அவன் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவள் உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் வந்தது.

அந்தச் சத்தம்தான் ஒத்தீலியாவை எழுப்பியது.

"நானும் குடிச்சிருக்கேன்" என்றாள்.

கித்தேரியா திரும்பினாள். "என்னத்த?"

"மாம்பழமும் பாலும்."

"எங்கியாச்சும் தெரியாம நாக்குல பட்டிருக்கும் கொமாத்ரே."

"நாக்குல படல. ஒரு மண்சட்டி நெறைய. பெசஞ்சு குடிச்சேன். தெரிஞ்சேதான் குடிச்சேன்."

"தெரிஞ்சா?" கித்தேரியாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மருமகளைக் காப்பாத்த பொய் சொல்லாத. தெரிஞ்சே எதுக்கு ஒருத்தி அதக் குடிப்பா?"

"எதுக்குக் குடிப்பாங்களோ, அதுக்குத்தான்."

 உள்ளே பெட்டிச் சத்தம் நின்றது. ஒத்தீலியா நின்ற இடத்திலேயே நின்றாள். பாலாடை காய்ந்து அவள் கைகளில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

தூளியில் பெலார்மீனோ கண்ணைத் திறந்தார்.

"எப்போ?"

"ஐம்பத்தெட்டுல. டிசம்பர்ல. நீங்க ரோடு போடப் போயிருந்தீங்க."

"பாப்பா போனப்புறமா?"

"பதினோராம் நாளு."

ஐம்பத்தெட்டுப் பஞ்சத்தை அங்கிருந்த பாதிப் பேர் கண்டவர்கள். ஆண்களையெல்லாம் அரசாங்கம் மண் சுமக்கத் தொலைவுக்குக் கூட்டிப்போனது. இருபத்து நாலு வயது ஒத்தீலியாவும், ஒன்பது மாதக் குழந்தை லிண்டால்வாவும், ஒரு வெள்ளாடும்தான் வீட்டில். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டு மூன்றே நாளில் முடிந்துபோனது. கடிதம் எழுத அவளுக்கும் தெரியாது, படிக்க அவருக்கும் தெரியாது. குழந்தைக்காகக் கறந்த ஆடு, குழந்தை போன பிறகும் பால் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தப் பாலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து நாள் தரையில் ஊற்றினாள். பதினோராம் நாள் வற்றிய ஏரிக்குள் இறங்கி, கரை மரத்திலிருந்து விழுந்து கிடந்த மூன்று மாம்பழம் பொறுக்கி வந்தாள். வீட்டைக் கூட்டினாள். யாராவது வந்து பார்க்கும்போது வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள். குளிக்கத் தண்ணீர் இல்லாததால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள். குடித்துவிட்டுத் தூளியில் படுத்தாள்.

"அப்பறம்?" என்று கேட்டது நெசீன்யோ.

"அப்பறம் என்ன. தூங்கிட்டேன். பாப்பா போனதுலேர்ந்து நான் தூங்கினதே இல்ல. அன்னிக்குத்தான் தூங்குனேன். விடிஞ்சப்ப ஆடு கத்துச்சு. மடி கட்டிக்கிட்டு வலியில கத்துது. சரி, இதக் கறந்து விட்டுட்டுச் சாவோம்னு எந்திரிச்சேன்." அவள் முதல்முறையாகக் கையைச் சுரண்டுவதை நிறுத்தினாள். "கறந்தேன். பசிச்சுச்சு. எனக்குப் பசிச்சே பத்து நாளாச்சு. சட்டியப் பாத்தேன். இன்னொரு பழம் கெடந்துச்சு. பெசஞ்சு குடிச்சேன். அன்னிக்குச் சாகறதுக்குக் குடிக்கல. பசிக்குக் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. அந்த வருஷம் நான் சாப்பிட்டதுலயே அதுதான் நல்லா இருந்துச்சு. இவரு திரும்பி வர்ற வரைக்கும் ஒரு மாசம் அதக் குடிச்சுத்தான் இருந்தேன்."

 வெளியே தவளைகள் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தன.

"இத்தனை வருஷம்" என்றாள் கித்தேரியா மெதுவாக, "நான் ஒன் வீட்டுக்கு வர்றப்ப, நீயும்தானே கேட்ட? மாம்பழம் சாப்பிட்டியா, மாம்பழம் சாப்பிட்டியான்னு?"

"கேட்டேன். கேக்கலன்னா, ஏன் கேக்கலன்னு நீ கேப்பியே. அப்ப நான் என்ன சொல்றது?"

கித்தேரியா கையிலிருந்த வாடிய இலைக்கொத்தைப் பார்த்தாள். அதை மேசையில் வைத்துவிட்டு முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நானும் ஒரு தடவ" என்றாள்.

"நீயா?"

"என் பெரியவன் வயித்துல, மூணாவது மாசம். மசக்கை. அதத்தான் தின்னணும்னு நாக்கு அடிச்சுக்குது. கோழிக் கூண்டுக்குப் பின்னால ஒக்காந்து குடிச்சேன். குடிச்சிட்டு மூணு நாளு முட்டி போட்டு செபம் பண்ணேன். பொழச்சுக்கிட்டேன். செபம்தான் காப்பாத்துச்சுன்னு நெனச்சேன். அதுலேர்ந்துதான் எனக்கு மந்திரிக்கற வரம் வந்துச்சுன்னு..."  முகம் சிவந்துபோனது.

நெசீன்யோ தொண்டையைச் செருமினார். "நான் பட்டாளத்துல இருந்தப்ப, ரெசீஃபே பட்டணத்துல..."

"நீங்களுமா?" என்றாள் கித்தேரியா.

"எல்லாரும் குடிச்சாங்க. நான் மட்டும் மாட்டேன்னா கேலி பண்ணுவாங்கள்ல. ரெண்டு வருஷம் குடிச்சேன். ஊருக்கு வந்ததும் விட்டுட்டேன். இங்க வந்து குடிச்சா செத்துருவோம்ல."

வாசலில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். பிறகு கூட்டத்தில் ஒருவர் விடாமல் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவரவர் ரகசியம் அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று வாய் திறந்து சொன்னவர்கள் மூன்று பேர். சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ.

பெலார்மீனோ சிரிக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து கால்களைத் தரையில் ஊன்றினார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தன் மனைவியை, ஏதோ நேற்று வந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "சுவேலி, அந்தப் பெட்டியக் கட்டிலுக்கு அடியில தள்ளு" என்றார். "அடாவ்டோ, நீ போயி அவகிட்ட மன்னிப்புக் கேளு. மொதல்ல நீ கேளு, அப்பறம் நான் கேக்கறேன்."

மன்னிப்பு கேட்கப்பட்டது. கிடைக்க மூன்று நாள் ஆனது, அடாவ்டோவுக்கு. மாமனாருக்கு உடனே கிடைத்தது.

அந்த நிமிஷத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தால் அது தவறு. ஊர் அவ்வளவு சீக்கிரம் தன் புத்தியைக் கைவிடாது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருவதற்குள் புதுச் சட்டங்கள் பிறந்துவிட்டன. மாம்பழமும் பாலும் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் ஒத்தீலியா குடித்தது ஆட்டுப்பால், ஆட்டுப்பால் கணக்கில் வராது என்றார் ஒருவர். பெலார்மீனோ குடித்தது மாட்டுப்பால்தானே என்றதற்கு, அதில் வெல்லம் இருந்தது, வெல்லம் முறித்துவிடும் என்றார் இன்னொருவர். மிக்ஸியில் அடித்தால் கரண்டு அதன் விஷத்தை எடுத்துவிடும் என்பது மூன்றாவது கட்சி. இதற்கு ஆதரவு அதிகம். அந்த வருஷம் மட்டும் ஊருக்கு ஆறு மிக்ஸி வந்தது.

கித்தேரியா ஒரு கட்சியிலும் சேரவில்லை. இலைக்கொத்தை விடவும் இல்லை. "வயித்துக் கல்லுக்கு மட்டும் இனி பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் மாதச் சோள அறுவடைக்குள், "கொஞ்சமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்ற இடத்துக்கு ஊர் வந்துவிட்டது. அடுத்த மாம்பழ சீசனில் பஸ் நிறுத்தத்துக் கடையில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள்: மாம்பழப் பால், குளிரக் குளிர. அதை முதல் ஆளாக வாங்கிக் குடித்த நெசீன்யோ, "நாங்க அந்தக் காலத்துலேர்ந்தே குடிக்கறதுதானே" என்று புறங்கையால் வாயைத் துடைத்தார். எதிரில் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். யாருமே அதை நம்பியதில்லை என்று ஆகிவிட்டது. பால் ஊற்றுமுன் கேட்கிற கேள்வி மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. மாம்பழம் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், ஆச்சு என்பார்கள், நல்லது என்று சொல்லிப் பாலை ஊற்றுவார்கள்.

சுவேலிக்கு இதில் ஆத்திரம். "என்னைக் கொலைகாரின்னாங்களே அத்தை. இப்ப என்னமோ அவங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி பேசறாங்க."

"பேசட்டும். அவங்க வெக்கப்படாம மாறணும்னா வேற வழி என்ன இருக்கு? நீ மரச்சட்டத்த அமுக்கு, தண்ணி இன்னும் வடியல."

பெலார்மீனோ மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் மருமகள் நீட்டும் குவளையை வாங்கிக் குடிப்பார், நல்லாருக்கு என்பார், போய்விடுவார். மனைவியிடம் அவர் முன்னைவிடக் குறைவாகத்தான் பேசினார். ஒத்தீலியாவுக்குச் சில சமயம் தோன்றும், சொல்லியிருக்கவே கூடாதோ என்று. ஒரு மனிதருக்கு அறுபது வயதில் தெரிய வேண்டிய விஷயமா அது?

டிசம்பர் வந்தது. லிண்டால்வா இறந்த நாளன்று ஒத்தீலியா வழக்கம்போலத் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். வாசலில் பெலார்மீனோ துவைத்த சட்டையோடு நின்றார். "நானும் வர்றேன்" என்றார். இருபத்தேழு வருஷத்தில் அந்த நாளில் அவர் வந்ததில்லை. அவர் இல்லாதபோது புதைத்த குழந்தை. அந்த இடத்தில் நிற்க அவருக்கு எப்போதும் கூச்சம்.

இரண்டு மழை பார்த்த மண்ணில் இடுப்பளவு புல் வளர்ந்து காய்ந்திருந்தது. மரச்சிலுவையே தெரியவில்லை. இரண்டு பேரும் குனிந்து பிடுங்கினார்கள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பாதி வேலையில் அவர் நிமிராமலே கேட்டார்.

"அது பொய்யினு ஒனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. பதினோரு மாதமாக இந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்பதும் புரிந்தது. பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். வேண்டாம் என்று பட்டது.

"வேற ஏதாச்சும் தேடியிருப்பேன்."

"நெசமாக் கொல்றது எதையாச்சும்."

"ஆமா."

பெலார்மீனோ புல்லைப் பிடுங்கி ஒதுக்கினார். இன்னொரு பிடி. இன்னொன்று.

"சுவேலி அவ பள்ளிக்கூடத்துல சொன்னதாச் சொல்றா. அந்தக் காலத்துப் பண்ணைக்காரன் எவனோ கட்டிவிட்ட கதையாம் இது. மாம்பழம் மரத்தடியில சும்மா கெடக்கும், அத அடிமைங்க தின்னா அவனுக்குக் கவலையில்ல. பால்ல வாய வச்சிரக் கூடாதுன்னு சொல்லி வச்சானாம். எங்க பாட்டனாரோட அம்மா அடிமையா இருந்தவ."

"இருக்கும்."

"படுபாவிப் பய."

"படுபாவிதான்."

"அவன் பாலக் காப்பாத்திக்கச் சொன்ன பொய்யி." அவர் இன்னொரு பிடி பிடுங்கினார். "அது சுத்திச் சுத்தி வந்து ஒன்னக் காப்பாத்திருக்கு. மனசாரத் திட்டக்கூட முடியல அவன."

ஒத்தீலியா சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஆட்டின் கத்தலுக்கு எழுந்த அந்தக் காலையிலிருந்து எத்தனை விடியல் வந்துவிட்டது என்று நினைத்தாள். அடாவ்டோ பிறந்த விடியல், கரண்டு வந்த அன்றைய விடியல், ஏரி மறுகால் பாய்ந்த விடியல். ஒவ்வொன்றும் கிடைக்காமல் போயிருக்க வேண்டியது. யாருக்கென்று தெரியாமல் ஒரு நன்றி அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது.

சிலுவை வெளியே தெரிந்தது. பெலார்மீனோ எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கடவுள் ஒனக்குக் கொடுப்பாரு, ஒத்தீலியா."

மாவு நிறுத்துக் கொடுக்கிற கடைக்காரருக்கும் வழியில் தண்ணீர் கொடுக்கிறவருக்கும் அந்த ஊரில் அப்படித்தான் நன்றி சொல்வார்கள். சொந்தப் பெண்டாட்டிக்கு யாரும் சொல்வதில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கா? எதுக்கு?"

"இருந்ததுக்கு" என்றார் பெலார்மீனோ.